கொடிமலையில் எழுவது புகையா, பனியா?

தருக்கம் பயிற்றிய பண்டை ஆசிரியர்கள், சமயத்தால் எத்துணை வேறுபட்டவராயினும், அனுமானம் என்னும் பிரமாணத்தை விளக்கப் புகும்போது மாணாக்கனை ஒரு மலையடிவாரத்துக்கே அழைத்துச் செல்வது வழக்கம்: அதோ அம்மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருத்தல் வேண்டும், அடுக்களையில் இரண்டையும் சேர்த்தே கண்டிருக்கிறோம் அல்லவா? பினாங்குத் தீவில் வாழும் தமிழனுக்கு இந்தப் பாடத்தின் பொருட்டு ஏட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனிலிருந்து மேற்கே நோக்கினால், நம்மவர் கொடிமலை என்று வழங்கும் பச்சை மலை கண்முன் நிற்கிறது; விடியற்காலையில் ஆயர் ஈத்தாம் பக்கத்துச் சரிவுகளில் வெண்மையாக ஏதோ எழுகிறது. அது பெரும்பாலும் பனி. சில வேளை சருகு எரிக்கும் புகை. சில ஆண்டுகளில், மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவில் காடு எரியும் மாதங்களில், மலையையே மறைத்துவிடும் புகைமூட்டம். அடுக்களையில் கற்ற விதியை அப்படியே மலைமேல் ஏற்றிவிட இயலாது என்பதை இத்தீவில் கண்ணுடையவர் எவரும் அறிவர்.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் உரைக்கையில், ஏதுவில் நேரும் குற்றங்களை எண்ணிக் காட்டுமிடத்தே, இந்த ஐயம் ஒரு தனிக் குற்றமாகவே இடம்பெற்றிருக்கிறது: தெரிவது ஆவியோ பனியோ என்னும் சந்தேகம் தீராதிருக்கும்போதே அதனைப் புகையென்று கொண்டு, அதனால் நெருப்பு உண்டென்று துணிந்துவிடுவது. இக்குற்றம் முடிவைப் பற்றியதன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். மலையில் நெருப்பு உண்மையாகவே இருக்கலாம். துணிந்தவன் சொன்னது தற்செயலாகப் பலித்தும் போகலாம். ஆயினும் அவன் அறிந்து சொன்னவன் ஆகான்.

இவ்வளவும் கூறப் புகுந்தது மலையின் பொருட்டன்று, இரத்தத்தின் பொருட்டு. கையில் ஊசி குத்தி ஒரு சிறு குழாய் அளவு இரத்தம் எடுத்து, அதில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் அதிநுண் துணுக்குகளை அளந்து, நோவும் வீக்கமும் காய்ச்சலும் யாதொன்றும் இல்லாத ஒரு மனிதனிடத்தில், ‘உம் உடலில் வியாதி இருக்கக்கூடும்’ என்று சொல்லும் வைத்திய முறை நம் காலத்தில் தோன்றி, நம் அண்டை நாட்டில் அரசாங்க அங்கீகாரமும் பெற்றுவிட்டது. இவ்வாறு அறியப்படும் வியாதி எந்த அளவையால், அதாவது எந்தப் பிரமாணத்தால், அறியப்படுகிறது? நேரே காணும் காட்சியாலா, அனுமானமாகிய கருதலாலா, நம்பத்தக்கோர் சொல்லாகிய உரையாலா? பண்டிதர்கள் திண்ணையில் அமர்ந்து வாதிக்கும் கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் அந்தப் பரீட்சையின் முடிவுத் தாளைக் கையில் வாங்கிய குடும்பத் தலைவர் அன்றிரவு உறங்குவாரா, சுவாமிக்கு என்ன நேர்ந்துகொள்வார், மகள் கல்யாணத்தை முன்னுக்கு இழுத்து வைப்பாரா என்பன யாவும் இதற்கு அவர் மனம் கொடுக்கும் விடையையே பொறுத்திருக்கின்றன.

முதலில் அந்தத் துணுக்கு யாதென்று சொல்லியாக வேண்டும். மண்ணில் வாழ்வதும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளதுமான சி. எலிகன்ஸ் என்னும் புழுவை ஆராய்ந்துகொண்டிருந்த விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், அப்புழுவின் வளர்ச்சிப் பருவங்களை ஒழுங்கு செய்வது புரதம் எதுவும் அன்று, ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கே என்று 1993இல் வெளியிட்டனர். புழுவின் விசித்திரம் என்றெண்ணி உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2000இல் ரவ்குனின் ஆய்வுக்கூடம் ‘லெட்-7’ என்னும் இன்னொரு துணுக்கைக் கண்டறிந்து, புழுவிடத்துள்ள அதே துணுக்கு ஓரெழுத்தும் மாறாமல் மனிதனிடத்திலும் இருக்கிறதென்று காட்டிய பின்னரே அறிஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். 2024இல் இருவருக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தாம் எடுத்து இளைத்த பிறவிகளை அடுக்கும்போது புழுவையும் அவ்வரிசையில் வைத்திருப்பது எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதைக் கொண்டு நான் எதையும் நிரூபிக்க முயலவில்லை. புழுவை உறவாக எண்ணப் பழகிய ஒரு மரபினருக்கு இச்செய்தி மற்றவர்க்கு அளித்த அதிர்ச்சியை அளித்திராது என்று மட்டும் சொல்கிறேன்.

இத்துணுக்குகள் செய்யும் தொழில் அடக்குதல். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் மூலச் சுவடி ஒன்றே. நரம்பும் தசையும் ஈரலும் அந்த ஒரே சுவடியை வைத்துக்கொண்டுதான் வெவ்வேறாக நிற்கின்றன. சுவடியிலிருந்து நகலெடுத்து வெளிவரும் கட்டளைகளில் எது நிறைவேற வேண்டும், எது நிறைவேறாமல் அமர வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் பல காரணங்களுள் இத்துணுக்குகளும் ஒன்று. கட்டளையோடு ஒட்டிக்கொண்டு அதனை வாய்மூடச் செய்வது இவற்றின் இயல்பு. மனித உடம்பில் இவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகையின. புற்று தோன்றிய இடத்தில் இந்த அடக்குமுறை குலைகிறது. சில துணுக்குகள் பெருகுகின்றன, சில அருகுகின்றன. ஆர்.என்.ஏ. இரத்தத்தில் வெறுமனே விடப்பட்டால் கணத்தில் சிதைந்து போகும் பொருளாயினும், இந்தச் சிறு துணுக்குகள் கொழுப்புப் பைகளுக்குள்ளும் புரதங்களின் அணைப்பிலும் பாதுகாக்கப்பட்டு அழியாமல் மிதக்கின்றன என்பது 2008ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அன்றிலிருந்து, உடம்பின் மறைவிடத்தில் எரியும் நெருப்புக்கு இரத்தத்தில் மிதக்கும் இத்துணுக்கைப் புகையாகக் கொள்ளலாம் என்னும் ஆசை வைத்திய உலகைப் பற்றிக்கொண்டது.

இவ்விடத்தில் பினாங்கின் மைந்தர் ஒருவரை நினைக்க வேண்டும். 1879இல் இத்தீவில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கற்ற டாக்டர் வூ லியன் தே, 1910ஆம் ஆண்டின் இறுதியில், மஞ்சூரியாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டிருந்தபோது, சீன அரசால் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். இறந்தவர் உடம்பைக் கீறுதல் மகாபாவம் என்று கருதப்பட்ட அந்நாட்டில், இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை மறைவாகப் பரிசோதித்து, நுண்பெருக்கியின் கீழ் பிளேக் கிருமியைத் தம் கண்ணாலேயே கண்டார். இந்நோய் எலியினின்று அன்றி மனிதர் மூச்சினின்று பரவுகிறது என்று அவர் கூறியதை ஏற்க மறுத்து, முகத்தை மூடாமல் நோயாளிகளிடம் சென்ற மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் சில நாட்களில் அந்நோயாலேயே மாண்டார். கிருமியைக் கண்டது காட்சி. மூச்சினால் பரவுகிறது என்று துணிந்தது கருதல். இரண்டும் சேர்ந்த பின்னரே, உறைந்த பூமியில் புதைக்கப்படாமல் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட சடலங்களை எரிக்க, முன்னோர் வழிபாட்டையே உயிராகக் கொண்ட ஒரு சாம்ராஜ்யம் அனுமதி அளித்தது. சமயாசாரம் அங்கே வைத்தியத்துக்கு வழிவிட்டது என்று சொல்வது அரைகுறை உண்மை. பிரத்தியட்சத்தில் வேரூன்றிய அனுமானத்துக்கு வழிவிட்டது என்பதே முழு உண்மை.

நம் நாட்டு யானைக்கால் நோயின் வரலாறும் இதனோடு ஒப்பிடத் தக்கது. வீங்கிய காலைக் கண்டு நோயை அறிந்த காலம் ஒன்று; இரவில் மட்டுமே இரத்தத்தில் உலவும் நுண்புழுவைப் பிடிப்பதற்காக ஊரார் உறங்கும் வேளையில் வீடுவீடாகச் சென்று விரலில் குத்தி இரத்தமெடுத்து, கண்ணாடித் தகட்டில் அதனைக் கண்ட காலம் மற்றொன்று; பினாங்கில் 1969இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மருத்துவ ஆய்வாளர்கள் ‘புருகியா ரேப்பிட்’ என்னும் பட்டையை உருவாக்கி, புழுவைத் தேடாமல், புழுவை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டே நோயை ஊகித்த காலம் மூன்றாவது. முதலாவதில் நோயைக் கண்டோம். இரண்டாவதில் நோய்முதலைக் கண்டோம். மூன்றாவதில் ஒரு கோட்டைக் கண்டு இரண்டையும் கருதினோம். அளக்கும் திறம் வளர வளர, நாம் கண்ணால் காண்பதற்கும் அறிந்ததாகச் சொல்வதற்கும் இடையிலுள்ள தூரமும் வளர்ந்துகொண்டே வருகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பரீட்சையிலோ அந்தத் தூரம் மிகப் பெரிது. துணுக்கை எவரும் காண்பதில்லை. அதனை முதலில் டி.என்.ஏ.யாக நகலெடுத்து, அந்த நகலைச் சுற்றுக்குச் சுற்று இரட்டித்துக்கொண்டே போய், ஒளிரும் சாயத்தின் வெளிச்சம் ஒரு குறித்த எல்லையைத் தாண்டும்போது எத்தனையாவது சுற்று என்று எண்ணுகிறார்கள். 10 சுற்றில் ஒன்று 1,024 ஆகும். 30 சுற்றில் 107 கோடியைத் தாண்டும். விரைவில் ஒளிர்ந்தால் துவக்கத்தில் மிகுதியாக இருந்தது என்பது கணக்கு. ஒரே ஒரு சுற்று முன்பின்னானாலும் கணக்கு இருமடங்காகப் பிறழும். எடுத்த இரத்தத்தினின்று துணுக்குகளைப் பிரிக்கும்போது எவ்வளவு வீணாயிற்று என்று அறிவதற்கு, மனிதனிடத்தில் இல்லாததும் முன்சொன்ன புழுவுக்கே உரியதுமான ஒரு துணுக்கைச் செயற்கையாகச் செய்து, அளவறிந்து அதில் கலந்துவிடுகிறார்கள். இறுதியில் அது எவ்வளவு மீண்டதோ அதுவே மற்றவற்றுக்கு உரைகல். மனிதனுடைய வியாதியை நிறுக்கும் தராசுக்குப் படிக்கல்லாகப் புழுவே வந்து அமர்ந்திருக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணி நான் பலகால் வியந்ததுண்டு.

இனிப் பனிக்கு வருவோம். நியாய நூலார் உபாதி என்று ஒன்றைக் கூறுவர். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவன் சாதித்தால், அன்று, ஈரவிறகு சேர்ந்த இடத்தில்தான் புகை உண்டு என்று மறுத்து, அந்த ஈரவிறகை உபாதி என்பர். வெளியினின்று வந்து நுழைந்த ஒரு நிபந்தனை அது. இரத்தப் பரீட்சையில் இத்தகைய உபாதிகள் ஒன்றிரண்டல்ல. ஊசியை அவசரமாக இழுத்தாலும், குழாயைக் குலுக்கினாலும், சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுள் நிறைந்திருக்கும் 451 எண்ணுள்ள துணுக்கும் 16 எண்ணுள்ள துணுக்கும் இரத்தநீரில் கொட்டிவிடுகின்றன. நோயாளியின் உடம்பில் நடவாதது குழாய்க்குள் நடந்துவிடுகிறது. இரத்தத்தை உறையவிட்டால் அணுக்கள் தம்முள் இருந்தவற்றை வெளிவிடுகின்றன. உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இட்ட குழாயில் எடுத்தால் அந்த மருந்தே இரட்டிப்பு வேலையைக் கெடுக்கிறது. சுழற்றிப் பிரிக்கத் தாமதித்தாலோ, பிரித்ததில் தட்டணுக்கள் தங்கிவிட்டாலோ எண்கள் வேறாகின்றன. 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, புற்றுநோய்க்கு அறிகுறிகள் என்று அதுவரை பலரும் அறிவித்திருந்த 79 துணுக்குகளை எடுத்துப் பார்த்து, அவற்றுள் 46 இரத்த அணுக்களிலேயே மிகுதியாக இருப்பவை என்று காட்டியது. பாதிக்கும் மேற்பட்டவை புகையென்று எண்ணப்பட்டாலும் பனியாக இருக்கக்கூடியவை என்று பொருள். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் பொய்யர்கள் அல்லர். சந்தேகம் தீருமுன் துணிந்தவர்கள்.

எல்லாத் துணுக்கும் இவ்வாறு நம்பத்தகாதன என்று இதனால் கொண்டுவிடக் கூடாது. 122 என்னும் எண்ணுடையது ஏறத்தாழ ஈரலுக்கே சொந்தம். மருந்தின் நஞ்சால் ஈரலணுக்கள் மடியும்போது அது இரத்தத்தில் ஏறுவது, அடுக்களைப் புகைக்கு நிகரான உறுதியான வியாப்தி, அதாவது பிரியாத தொடர்பு. 21 என்னும் எண்ணுடையதோ பலவகைப் புற்றிலும் ஏறுகிறது, அழற்சியிலும் ஏறுகிறது, இதய நோயிலும் ஏறுகிறது. ஏதோ ஒன்று சரியில்லை என்று கூவுமேயன்றி எது சரியில்லை என்று சொல்லாது. தருக்க நூலார் இதனை அனைகாந்திகம், ஓரிடத்தில் நில்லாத ஏது, என்று ஒதுக்குவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வைத்தியர்களை நெடுநாள் திகைக்க வைத்திருக்கும் ஒரு புதிரும் இவ்வகையினது: இரைப்பைப் புற்றுக்குக் காரணமென்று நிறுவப்பட்ட ஹெலிகோபாக்டர் கிருமி இந்தியர்களிடையே மிகுதியாகக் காணப்பட, அந்தப் புற்றோ சீனர்களையே அதிகம் பற்றுகிறது. காரணம் கண்ட இடத்திலேயே காரியம் கண்டதாகக் கொள்ளலாகாது என்பதற்கு நம் சமூகத்தின் வயிறே சாட்சி சொல்கிறது.

அந்த இரைப்பைப் புற்றுக்கே, சிங்கப்பூரில் உருவான ‘காஸ்ட்ரோகிளியர்’ என்னும் பரீட்சை, 12 துணுக்குகளை ஒருங்கே அளந்து ஒரு மதிப்பெண் தருகிறது. 2019இல் அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையம் அதனை அங்கீகரித்தது. பல துணுக்குகளைச் சேர்த்து அளப்பது, ஒன்றின் பிறழ்ச்சியை மற்றொன்று தாங்கும் என்னும் நியாயத்தால். அதனை ஆராய்ந்தவர்கள் வெளியிட்ட முடிவின்படி, நோயுள்ள 100 பேரில் 87 பேரை அது பிடிக்கிறது; நோயற்ற 100 பேரில் 68 பேரை நோயற்றவர் என்றே சொல்கிறது. மீதி 13 பேர் பழுக்கக் காய்ந்த இரும்பு போன்றவர்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை. மற்றப் பக்கத்தில் மீந்த 32 பேர் பனி மூடிய மலைகள். கணக்குக்காக, சோதிக்கப்படும் 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 9 பேர் பிடிபடுவர். நோயற்ற 990 பேரில் ஏறத்தாழ 317 பேரும் பிடிபடுவர். ஆக, ‘உண்டு’ என்று தாள் வாங்கிய 326 பேரில், உண்மையில் நோயுடையவர் 9 பேர். ஏறக்குறைய 36 பேரில் ஒருவர். ‘இல்லை’ என்று தாள் வாங்கிய 674 பேரிலோ நோயுடையவர் ஒருவரோ இருவரோதான். இப்பரீட்சை செய்ய வந்த வேலையும் இதுவே: யார் உள்நோக்கிக் குழாயை விழுங்க வேண்டும், யாருக்கு அது வேண்டியதில்லை என்று பிரித்துக் கொடுப்பது. வேலையைச் செவ்வனே செய்கிறது. தீர்ப்பு வழங்க அது வரவில்லை. வராத ஒன்றை அதன்மேல் ஏற்றுவது நாம்.

ஏற்றுவது எப்படி நிகழ்கிறது? வைத்தியர் வாயினின்று வரும்போது அந்த எண் கருதல். நோயாளியின் செவியில் விழும்போது அது உரையாகிவிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆராய்ந்து, பலராலும் பலவாக விரிக்கப்பட்டவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுள் அடக்குகிறார். அவர் கொள்ளும் உரை, மலமற்ற முதல்வனின் நூல். குறைபாடு உடையாரின் சொல் அந்த இடத்துக்கு உரியதன்று. ஆயினும் மூடிய உறையில் முத்திரையோடு வரும் ஆய்வுக்கூடத் தாளுக்கு, ஆகமத்துக்குத் தராத பணிவை நம்மவர் தருவதை நான் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதும் அந்தப் பணிவுக்கு ஒரு காரணம் என்று சொன்னால் வாசகர் கோபிக்கமாட்டார் என நம்புகிறேன்.

சித்தியார் கூறும் வேறொரு நுட்பமே எனக்கு இவ்விஷயத்தின் மையமாகப் படுகிறது. காட்சியை நான்காக வகுக்கும் அந்நூல், ஐம்பொறியால் காண்பதையும் மனத்தால் காண்பதையும் யோகியர் காண்பதையும் சொல்வதோடு, தன் இன்பதுன்பத்தை உயிர் தானே நுகர்ந்து அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று தனியே வைக்கிறது. நோவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை, நொந்தவனே அறிவான். சமயத்துக்கும் வியாதிக்கும் உள்ள நெடுங்கால உறவு முழுவதும் இந்தக் காட்சியின்மீதே கட்டப்பட்டது. மருணீக்கியார் சூலை நோயால் துடித்து, சமணர் செய்த மருத்துவமும் மந்திரமும் பலிக்காமல், தமக்கையார் திலகவதியாரைத் தேடி வந்து, நீறு பெற்று, திருவதிகையில் முதற்பதிகம் பாடி நாவுக்கரசரான வரலாற்றில், வயிற்றைக் குடைந்த அந்த வேதனை இல்லையெனில் வரலாறே இல்லை. வேதனை அவரை இறைவனிடம் செலுத்தியது. வேதனை நீங்கியது அருளுக்குச் சான்றாயிற்று. இரண்டும் அவர் தாமே கண்டவை.

அதே வயிற்றில் எந்த நோவும் இன்றி, நேற்றுவரை நாசி கண்டாரையும் தே தாரிக்கையும் ருசித்து உண்டவனுக்கு, ஒரு தாளின் வாயிலாகவே வியாதி வந்து சேர்கிறதென்றால், அவன் யாரிடம் எதைச் சொல்லி அழுவான்? வேதனை இல்லாத இடத்தில் தாள் ஒரு வேதனையை உண்டாக்குகிறது; அந்த வேதனை மட்டும் தன்வேதனைக் காட்சியாகச் சந்தேகத்துக்கு இடமின்றி உண்மையாயிருக்க, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட வியாதியோ 36இல் ஒரு பங்கு உண்மையாக நிற்கிறது. இது முன்னோர் சந்திக்காத நிலை. அவர்கள் தந்த பிரார்த்தனைகளில் இதற்கென்று ஒன்று இல்லை.

விதி என்று சொல்லி ஒதுங்குவோர் உண்டு. ‘தலையில் எழுதியதை இரத்தத்தில் படித்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கும் முதியவர்கள் பினாங்குத் தெருவிலும் இருப்பார்கள், பட்டர்வொர்த்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு நேர்மாறாக, இரத்தத்தில் படித்ததையே தலையெழுத்தாகக் கொண்டு மனமொடிந்து போவோரும் உண்டு. இருவர் கொள்கையும் வேறுபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே: எங்கோ ஓர் எழுத்து மாறாமல் எழுதப்பட்டிருக்கிறது என்பது. மைக்ரோ ஆர்.என்.ஏ.யோ இவ்விருவர்க்கும் துணைபோகாது. மூலச் சுவடியை எழுத்தென்று சொன்னாலும் சொல்லலாம். இத்துணுக்குகள் அந்த எழுத்தில் எது ஒலிக்கும், எது ஒலியாது என்று வேளைக்கு வேளை மாற்றிக்கொண்டிருப்பவை. நோயால் மாறுவன, மருந்தால் மாறுவன, காலையும் மாலையும் கூட மாறக்கூடியன. சித்தாந்தமும் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வகுத்தது, மனிதன் கைகட்டி நிற்பதற்காக அன்று. இப்பிறவியில் நுகர்வதற்கு வந்தது பிராரத்தமானால், அதனை நுகரும்போது செய்யும் செயல் ஆகாமியமாக ஏறுகிறது என்று கூறி, செய்யும் பொறுப்பை நம் தலையிலேயே வைத்தது. பரீட்சை செய்துகொள்வதும் ஒரு செயல். மறுப்பதும் ஒரு செயல். இராணி தெரு மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழும் தமிழ் முஸ்லிமும், இறைவன் மருந்தைப் படைக்காமல் நோயைப் படைக்கவில்லை, ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்னும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவரே. கத்ர் என்னும் இறைவிதியை நம்புவது அவருக்கு மருந்தை விலக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இத்துணுக்குகள் கட்டளையை மறைத்து அடக்குகின்றன என்று கேட்ட மாத்திரத்தில், ஐந்தொழிலில் மறைத்தலைச் சிவனுக்கு உரைத்த நம் சித்தாந்தம் இதனை அன்றே கூறிவிட்டது என்று மேடையேறி முழங்க ஒருவர் தயாராகிவிடுவார், கைதட்டலும் கிடைக்கும். மறைத்தலாகிய திரோதானம் உயிரின் பக்குவத்தைப் பற்றியது. இது அணுவுக்குள் நிகழும் இரசாயனம். இரண்டையும் இழைத்துக் கட்டினால் சித்தாந்தம் அடுத்த ஆராய்ச்சியில் தோற்றுப்போகக்கூடிய சரக்காகிவிடும். அறவண அடிகளை நான் அழைத்தது அவர் துணுக்கை அறிந்திருந்தார் என்பதற்காக அன்று. துணிவதற்கு முன் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதற்காகவே.

இனி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் சென்று பழகியவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘உண்டு’ என்று தாள் வாங்கிய ஒருவர், அன்றிரவே தண்டாயுதபாணியை நினைத்து, இது நீங்கினால் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்கிறார். மறுவாரம் உள்நோக்கிக் குழாய் வைத்துப் பார்த்த வைத்தியர், இரைப்பை சுத்தமாக இருக்கிறது என்கிறார். அவர் காவடி எடுக்கக் கடன்பட்டவரா? நோயே இல்லாதபோது நீங்கியது எது என்று தருக்கம் பேசுவோர் கேட்கலாம். என் அபிப்பிராயம் வேறு. நேர்த்திக்கடன் வியாதிக்கும் சுவாமிக்கும் இடையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அன்று. அஞ்சிய மனிதன் தன் சொல்லைக் கொடுத்தது அது. அந்த அச்சம் மெய், சொல் மெய், அச்சம் நீங்கியதும் மெய். ஆதலால் அவர் படியேறத்தான் வேண்டும். ஆனால் கட்டி இருந்தது, முருகன் கரைத்துவிட்டான் என்று மண்டபத்தில் சொல்லாதிருக்க வேண்டும். அது பனியைப் புகையென்று சாதிப்பது. அதனைக் கேட்டு, உண்மையாகவே கட்டியுள்ள இன்னொருவர் குழாய் வைத்துப் பார்க்காமல் இருந்துவிட்டால் அந்தப் பழி சொன்னவரைச் சேரும்.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய பரீட்சைகள் இத்தீவின் மருத்துவமனைகளிலும் பெருகும் நாள் தொலைவில் இல்லை. தாளில் எண்ணை அச்சிடும்போது, இப்படி ‘உண்டு’ என்று வந்தவர்களுள் எத்தனை பேரில் ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்கும் என்பதையும் அதன் அருகிலேயே, மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சிடுங்கள். இரத்தம் எப்போது எடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரத்தில் பிரிக்கப்பட்டது, சிவப்பணு உடைந்திருந்ததா என்பதையும் குறியுங்கள். வாசகருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: அந்த 36இல் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். தாள் வந்தால் உள்நோக்கிப் பரிசோதனைக்கு அந்த வாரமே நாள் வாங்குங்கள்; தைப்பூசம் கழியட்டும் என்று தள்ளிவைக்க வேண்டாம்.